சொம்பைக் குழந்தை கையில் கொடுங்கள்

இரண்டு வயதுக் குழந்தை தலைக்குக் குளிக்க மாட்டேன் என்று அலறினால், அதை அடம் என்றே பெரும்பாலான வீடுகள் எடுத்துக்கொள்கின்றன. ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் காலை அமுக்க, மூன்றாமவர் அவசர அவசரமாக நாலு சொம்பு ஊற்றி முடித்துவிடுகிறார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. அடுத்த வாரம் சீயக்காய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. இப்போது பிடித்து இழுத்து வர இன்னும் கொஞ்சம் பலம் தேவைப்படுகிறது.

இந்தப் பிடித்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குழந்தைக்கு அது வதை. பெரியவர்களுக்கோ ஒவ்வொரு வாரமும் வேலையைக் கூட்டிக்கொண்டே போகிற வழி.

தலையில் தண்ணீர் விழும்போது அந்தச் சின்ன உடம்புக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். நெற்றி வழியாக வழியும் தண்ணீர் கண்ணையும் மூக்கையும் ஒரே நேரத்தில் மூடுகிறது. பெரியவர்கள் தங்களுக்கே தெரியாமல் அந்தக் கணத்தில் மூச்சை நிறுத்திக்கொள்கிறார்கள், குனிந்துகொள்கிறார்கள், வாயால் ஊதித் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். இது வருடக்கணக்கில் பழகி வந்த திறமை. இரண்டு வயதில் அது கைவந்திருக்காது. அழுகிற குழந்தை வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுக்கிறது. அதே நேரம் பார்த்து அடுத்த சொம்பு விழுகிறது. புரையேறுகிறது, மூக்கில் சுரீரென்று ஏறுகிறது. மூச்சு முட்டியதை எந்த உயிரும் எளிதில் மறப்பதில்லை. குழந்தையும் மறக்காது.

தலையைப் பின்னால் சாய்த்தால் தண்ணீர் முகத்தில் விழாதே என்று நினைப்போம். ஆனால் சாய்க்கும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, விழப்போகிறோம் என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அப்போது குழந்தையின் கண்ணுக்கு அம்மாவின் முகமும் தெரியாது, கை வருவதும் தெரியாது, தண்ணீர் எப்போது விழும் என்பதும் தெரியாது. தெரிவதெல்லாம் கூரை மட்டுமே.

பிறகு கண் எரிச்சல். கண்ணீரின் காரகாடித்தன்மை (pH) ஏறத்தாழ 7.4. சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரத்தன்மை மிகுந்தது. ஷாம்பூவில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் போன்ற பொருட்கள் கண்ணின் மேற்பரப்பை உறுத்தக்கூடியவை. சீயக்காயும் கொங்கு நாட்டு அரப்பும் இயற்கையானவை என்பதால் எரிக்காது என்று நம்புகிறவர்கள் உண்டு. நுரைக்குக் காரணமான சப்போனின் என்ற பொருளே கண்ணை உறுத்தும்; அதற்கு மேல் பொடியின் துகளும் சேர்ந்து கண்ணில் விழுகிறது. சீயக்காய் பட்ட கண்ணின் எரிச்சல் நம்மில் பலருக்கு ஐம்பது வயதிலும் நினைவிருக்கிறது. இரண்டு வயதில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாற்றாகத்தான் கண்ணை உறுத்தாத குழந்தை ஷாம்பூக்கள் 1950களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. மென்மையான நுரைப்பொருட்களைக் கொண்டு செய்யப்படும் அவை நல்ல உதவிதான். ஆனால் வெறும் தண்ணீரும் கண்ணைக் கரிக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணீரில் உப்பு உண்டு; குழாய்த் தண்ணீரில் அந்த அளவு உப்பு இல்லை, குளோரின் இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதன் கடினத்தன்மை வேறு. ஆகவே, "கண் எரியாத ஷாம்பூதான் போட்டேன், அப்புறம் எதுக்கு அழறே?" என்று குழந்தையிடம் கேட்பதில் நியாயமில்லை.

"ஆறு மாசத்துல சிரிச்சுக்கிட்டே குளிச்ச பிள்ளை, இப்ப மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியும் எல்லா வீடுகளிலும் எழுகிறது. பாட்டி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்கவைத்த காலத்தில் குழந்தைக்கு முன்கூட்டி யோசிக்கத் தெரியாது. ஒன்றரை வயதுக்கு மேல் அது தெரிந்துவிடுகிறது. போன வாரம் எரிந்தது நினைவிருக்கிறது. இந்த வாரமும் எரியும் என்று கணக்குப் போட முடிகிறது. வாளித் தண்ணீர் சாக்கடைத் துவாரத்தில் சுழன்று மறைவதைப் பார்த்துத் தானும் போய்விடுவோமோ என்று பயப்படுவதும் இந்த வயதில்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காக நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ், அந்தத் துவாரத்துக்குள் யாரும் போய்விட முடியாது என்று குழந்தைகளுக்குச் சொல்வதற்கென்றே ஒரு பாட்டு பாடினார். அந்தப் பயத்தை அவர் அவ்வளவு மதித்தார். பயம் வருவது அறிவு வளர்வதன் அடையாளம் என்று பெற்றோருக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் பல வீடுகளில் அடி விழுந்திருக்காது.

"எங்களையெல்லாம் அப்படித்தான் குளிப்பாட்டினாங்க. நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கெட்டுப்போகவில்லை. ஆனால் அப்படிக் குளித்தவர்களில் பலர் இன்றும் முகத்தில் தண்ணீர் விழுந்தால் பதறுகிறார்கள். நீச்சல் பழகப் போய்த் தலையை முக்கச் சொன்னதும் திரும்பிவிட்டவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் செய்த எல்லாமே காக்க வேண்டியவையும் அல்ல. பச்சைக் குழந்தையின் மூக்கில் ஊதுவதையும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவையே உண்டாக்கும். காலில் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டியின் கைப்பக்குவம் பெரிய சொத்து. அதை வைத்துக்கொண்டே இவற்றை விடலாம்.

குழந்தையின் பயத்தை எப்படிப் போக்குவது என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வில் பீட்டர் என்று குறிப்பிடப்படும் சிறுவன் வருகிறான். வயது 2 ஆண்டு 10 மாதம். முயலைக் கண்டால் நடுங்குவான். உரோம மேலங்கி, இறகு, பஞ்சு என்று மென்மயிர் போலிருந்த எல்லாவற்றிலும் அந்தப் பயம் படர்ந்திருந்தது. ஜோன்ஸ் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார். அவன் நிம்மதியாகச் சாப்பிடும் அளவுக்கு மட்டுமே அது நெருங்கும். நாளுக்கு நாள் தூரம் குறைந்தது. முயலுக்குப் பயப்படாத மற்ற குழந்தைகளையும் பக்கத்தில் விளையாட விட்டார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் பீட்டர் விட்டான்.

நடுவில் ஒரு தடங்கல். பீட்டர் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தான்; அங்கிருந்து திரும்பும்போது பெரிய நாய் ஒன்று பாய்ந்து அவனைப் பயமுறுத்தியது. முயல் பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஜோன்ஸ் சலித்துக்கொள்ளாமல் மறுபடி தூரத்திலிருந்து ஆரம்பித்தார்.

அதே ஆண்டு வெளியான அவருடைய இன்னொரு ஆய்வு நம் குளியலறைகளுக்கென்றே எழுதியது போலிருக்கும். குழந்தைகளின் பயத்தைப் போக்கப் பெரியவர்கள் வழக்கமாகக் கையாளும் முறைகளை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். "ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று வாயால் சொல்வது, கேலி செய்வது, சில காலம் விட்டுவிட்டால் தானே மறந்துவிடும் என்று காத்திருப்பது, கவனத்தைத் திருப்புவது, எல்லாவற்றையும் பார்த்தார். ஐயத்துக்கிடமின்றிப் பலித்தவை என்று இரண்டையே சொன்னார்: பயந்த பொருளைப் பிடித்த பொருளோடு சேர்த்து மெல்ல மெல்லப் பழக்குவது, பயப்படாத பிள்ளைகள் செய்வதைப் பார்க்க வைப்பது. "தங்கச்சியைப் பாரு, அவ அழறாளா? நீ மட்டும் அசிங்கமா அழறே" என்பதில் இரண்டாவது முறை இருப்பது போலத் தோன்றும். அது கேலியின் பக்கம் சேர்ந்தது. தங்கச்சி குளிக்கும்போது அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் கையில் சொம்பைக் கொடுத்து அவள் முதுகில் ஊற்றச் சொல்வதுதான் ஜோன்ஸ் சொன்ன வழி.

சொம்பு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும், எங்கே விழும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பெரும்பகுதி கழன்றுவிடுகிறது. ஆகவே தலைக்குக் குளிக்காத நாளில் தொடங்க வேண்டும். சின்ன டம்ளர் ஒன்றைக் கொடுத்து, முதலில் பொம்மையின் தலையில் ஊற்றட்டும். பிறகு தன் பாதத்தில், முழங்காலில், வயிற்றில், தோளில். தோளிலேயே சில நாள் நின்றால் நிற்கட்டும். பிறகு அப்பாவின் தலையில் ஊற்றச் சொல்லலாம். அப்பா கண்ணை மூடி, வாயால் ஊதிக் காட்டினால் குழந்தை அந்த ஊதலைக் கற்றுக்கொள்ளும். மூச்சை அடக்கச் சொன்னால் இரண்டு வயதுக்குப் புரியாது. ஊதச் சொன்னால் புரியும். ஊதும்போது மூச்சு வெளியே போவதால் தண்ணீர் உள்ளே ஏறுவதில்லை.

தலைக்கு வரும் நாளில் செய்ய வேண்டியது அதிகமில்லை. முடிச்சிக்கை உலர்ந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கை இழுப்பதால் வரும் வலியும் குளியல் கணக்கிலேயே சேர்கிறது. பசியோ தூக்கமோ வந்த நேரம் கூடாது. சிறு துண்டை நாலாக மடித்துக் கொடுத்து, கண்மேல் குழந்தையே அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். துண்டு நனைந்ததும் வேறு துண்டு தயாராக இருக்க வேண்டும். கூரையில் பிடித்த படம் ஒன்றை ஒட்டி வைத்தால் அதைப் பார்க்கத் தலை தானாக நிமிரும். நாம் சாய்ப்பது வேறு, அது நிமிர்வது வேறு. ஒரு கை நெற்றியில் அணைபோல் நிற்க, இன்னொரு கையால் பின்மண்டையில் கொஞ்சமாக ஊற்றலாம். குளியல் தொப்பி என்று கடைகளில் விற்கும் வளையம் சில குழந்தைகளுக்குப் பிடிக்கும். சிலவற்றுக்கு அதன் இறுக்கமே புதிய பயமாகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிவிட்டு மூன்றாவதில் ஊற்ற வேண்டும், இரண்டில் அல்ல. "போதும்" என்று குழந்தை சொன்னால் உண்மையாகவே நிறுத்த வேண்டும். இரண்டில் ஊற்றி ஒருமுறை ஏமாற்றினால் அந்த எண்ணிக்கைக்கு அப்புறம் மதிப்பே கிடையாது.

தண்ணீர் உடல் சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் தெரியும். விளையாட்டாகப் பழக்குகிறோம் என்று வாளியோடு குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டுவிடக் கூடாது. தலை கனமான அந்த வயதில் வாளிக்குள் குப்புற விழுந்தால் எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே உயிரைப் பறிக்கும். ஹீட்டர் கம்பி செருகிய வாளி இருக்கும் அறைக்குள் குழந்தை நுழையவே கூடாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று வேலைக்குப் போகும் அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலை ஏழரை மணிக்குள் சமையலும் குளியலும் டிபன் பாக்ஸும் முடிந்தாக வேண்டிய வீட்டில், குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் தெருவில், குழந்தை "போதும்" என்று சொல்லக் காத்திருப்பது எளிதல்ல. ஆனால் தலைக்குக் குளிப்பாட்டும் தடவைகளையே குறைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தலையில் பிசுக்கைச் சுரக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள், பிறந்த சில மாதங்களுக்குத் தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களின் செல்வாக்கால் வேலை செய்யும். பிறகு அடங்கிவிட்டு, பூப்பெய்தும் வயதில்தான் மறுபடி விழிக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தையின் தலை தானாகப் பெரிதாகப் பிசுபிசுப்பதில்லை. பிசுபிசுப்பு நாம் தினமும் தடவும் எண்ணெயிலிருந்து வருகிறது. அந்த எண்ணெயைப் போக்கச் சீயக்காய், சீயக்காய்க்காக அழுகை என்று அது தொடர்கிறது. தலைக்கு எண்ணெயைக் குறைத்தால் வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை ஷாம்பூ போதும். சித்திரை வெயிலில் வியர்த்து ஊறினால் ஈரத்துணியால் தலையைத் துடைத்துவிடலாம். மற்ற நாட்களில் கழுத்துக்குக் கீழே குளியல்; அதை விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க் குளியலை விட மனமில்லாத வீடுகள் எண்ணெயை உடம்புக்கு வைத்துக்கொண்டு தலைக்குத் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்தலாம்.

குறைப்பது வேறு, அடியோடு விட்டுவிடுவது வேறு. அழுகிறதே என்று மாதக்கணக்கில் தலைக்கே ஊற்றாமல் இருந்தால் பயம் உள்ளே இறுகுகிறது. ஜோன்ஸின் ஆய்விலும் விட்டுவைத்துப் பார்த்த முறை கைகொடுக்கவில்லை. சின்னஞ்சிறு அளவிலாவது தண்ணீர் தலையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வேலை ஏன் எப்போதும் பெண்கள் தலையிலேயே விழுகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். ஞாயிறு காலை குளியலறைக்குள் அம்மாவும் பாட்டியும் குழந்தையோடு போராட, கூடத்திலிருந்து "என்ன சத்தம் அங்க?" என்று குரல் கொடுக்கும் அப்பாக்கள் ஏராளம். பயந்த குழந்தைக்கு அவசரமில்லாத ஓர் ஆள் தேவை. வாரத்தில் ஒருநாள் அந்த ஆளாக அப்பா இருக்கலாம். தன் தலையில் குழந்தை ஊற்றும் தண்ணீரை வாங்கிக்கொள்ளவும் அவருக்கு மட்டுமே சௌகரியம். நனைந்த புடவையோடு அடுப்படிக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சில குழந்தைகளுக்கு இவ்வளவும் போதாது. அழுது அழுது மூச்சடைத்து உதடு நீலமாகிற குழந்தையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்படி மூச்சடக்கும் குழந்தைகளில் இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி காணப்படுகிறது. அதைச் சரிசெய்ததும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதால் இது அரிய சங்கதி அல்ல. தலைக்குக் குளிப்பது மட்டுமின்றி முடி வெட்டுவது, நகம் வெட்டுவது, சட்டைக் காலர் கழுத்தில் படுவது, மிக்ஸிச் சத்தம் என்று பலவற்றுக்கும் துடிக்கிற குழந்தையின் தொடு உணர்வும் செவிப்புலனும் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கலாம். பேச்சும் தாமதமாகி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலும் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கிறார்கள். அங்கே போகும்போது குளியலறையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண அழுகை என்று அதை மறைத்துவிட்டால் முக்கியமான துப்பு ஒன்று விடுபட்டுப்போகும்.

மொட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில், பழனியிலோ சமயபுரத்திலோ குலதெய்வக் கோயிலிலோ, அறிமுகமில்லாத ஆள் ஒருவர் கத்தியோடு தலையைத் தொட, மாமன் மடியில் இறுக்கிப் பிடித்திருக்க, மேலே பச்சைத் தண்ணீர் விழ, பல வீடுகளில் அதே நாளில் காதும் குத்தி முடிகிறது. வேண்டுதலை யாரும் விடச் சொல்லவில்லை. மொட்டையையும் காதுகுத்தையும் வேறு வேறு நாளுக்குப் பிரிக்கலாம். வீட்டிலிருந்தே வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஃபிளாஸ்கில் எடுத்துப் போகலாம். அதற்கு முந்தைய வாரத்தில், தலையை வருடிக்கொடுத்து, ஈரக் கையால் தடவி, மாமன் மடியில் உட்காரவைத்துப் பழக்கலாம். மொட்டைக்குப் பிறகு சந்தனம் காய்ந்து உதிர்ந்ததும், குழந்தை தன் கையாலேயே ஈரத்துணியால் மண்டையைத் துடைத்துக்கொள்ளட்டும். முடி இல்லாத தலையில் சிக்கும் இல்லை, சீயக்காயும் தேவையில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஷாம்பூ தேவைப்படும் அளவுக்கு அது வளர இரண்டு மூன்று மாதம் ஆகும். டம்ளரைப் பாதத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தலைக்கும் கொண்டுபோக அந்த இரண்டு மூன்று மாதம் தாராளம்.